அதிபருக்குப் போன முதல் மீன்: பெனாப்ஸ்காட் ஆற்றில் ஒரு நிகழ்வு ஆய்வு

1912 ஏப்ரல் 1. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மெய்ன் மாநிலத்தின் பாங்கர் நகரத்தை ஒட்டி ஓடும் பெனாப்ஸ்காட் ஆற்றில், கார்ல் ஆண்டர்சன் என்பவருக்கு ஒரு சால்மன் மாட்டியது. நார்வேயிலிருந்து வந்து குடியேறியவர். வீடுகளுக்குச் சாயம் அடிப்பது தொழில். மீன் 11 பவுண்டு, ஏறக்குறைய ஐந்து கிலோ. அந்த ஆண்டு தூண்டில் பருவம் திறந்த முதல் நாள் அது. ஆண்டர்சன் மீனைத் தன் வீட்டுச் சட்டிக்கு அனுப்பவில்லை. வாஷிங்டனுக்கு, அதிபர் டாஃப்டுக்கு அனுப்பினார். டாஃப்ட் முந்நூறு பவுண்டுக்கு மேல் எடை இருந்தவர், சாப்பாட்டு ரசிகர். சரியான முகவரிக்குத்தான் போயிருக்கிறது.

ஒரு தொழிலாளியின் விளையாட்டான மரியாதை அப்புறம் வழக்கமாகிவிட்டது. பெனாப்ஸ்காட்டில் ஆண்டின் முதல் சால்மன் அதிபருக்கு என்று ஆனது. 'அதிபர் சால்மன்' என்றே அதற்குப் பெயரும் வந்தது. மீன் கிடைக்காத சில ஆண்டுகள் உண்டு, வழக்கம் விட்டுப்போன காலமும் உண்டு. ஆனாலும் 1992இல் மூத்த ஜார்ஜ் புஷ் வரைக்கும் அது நீண்டது. அதோடு நின்றது. அதன் பிறகு எந்த அதிபருக்கும் பெனாப்ஸ்காட் மீன் போகவில்லை.

எண்பது ஆண்டுகளாக ஒரு ஆற்றின் முதல் மீனை ஊரே கூடி எதிர்பார்த்திருக்கிறது, படம் எடுத்திருக்கிறது, செய்தித்தாளில் போட்டிருக்கிறது. அதே எண்பது ஆண்டுகளில்தான் அந்த மீன் இனம் கண் முன்னால் தேய்ந்திருக்கிறது. இவ்வளவு பேர் இவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தும் எப்படி? இந்த ஆய்வு அந்தக் கேள்வியைச் சுற்றியது.

மீனும் ஆறும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் மீன் கடைகளில் 'இந்தியன் சால்மன்' என்று எழுதி விற்பது காலா மீன். அதற்கும் இதற்கும் உறவே கிடையாது. பெனாப்ஸ்காட்டில் ஏறுவது அட்லாண்டிக் சால்மன். ஆற்றின் மேல்பகுதியில், கூழாங்கல் படுகையில், குளிர்ந்த ஓடுநீரில் முட்டையிலிருந்து வருகிறது. இரண்டு ஆண்டுகள் போல ஆற்றிலேயே வளர்கிறது. விரல் நீளம் தாண்டியதும் ஒரு வசந்தத்தில் உடம்பு வெள்ளியாக மாறி, உப்பு நீருக்குத் தயாராகிக் கடலுக்கு இறங்குகிறது. போகும் தூரம் கொஞ்சநஞ்சமல்ல. கிரீன்லாந்தின் மேற்குக் கரை வரைக்கும் போய் மேய்கிறது. பெரும்பாலானவை கடலில் இரண்டு குளிர்காலம் கழித்துவிட்டு, நான்கைந்து கிலோ எடையோடு, பிறந்த ஆற்றையே தேடித் திரும்புகின்றன.

ஆற்றுக்குள் நுழைந்தபின் அது சாப்பிடுவதில்லை. கடலில் சேர்த்த கொழுப்பே கையிருப்பு. வசந்தத்திலோ கோடையிலோ ஏறும் மீன் முட்டையிடுவது இலையுதிர்காலத்தில். அதுவரை பல மாதங்கள் பட்டினிதான். பசிபிக் கடலோரச் சால்மன்களில் பெரும்பாலானவை முட்டையிட்டதும் செத்துப்போகும். அட்லாண்டிக் சால்மனில் சில பிழைத்துக்கொள்ளும். பிழைத்தது ஆற்றிலேயே குளிர்காலத்தை ஓட்டிவிட்டு, பனிக்கட்டி உடையும்போது கடலுக்குத் திரும்பும்.

இதனால் ஏப்ரல் மாத ஆற்றில் இரண்டு விதமான சால்மன் ஒரே நேரத்தில் இருக்கும். ஒன்று கடலிலிருந்து புதிதாக ஏறுவது: வெள்ளிக்காசு போலப் பளபளப்பு, தடித்த முதுகு, சில சமயம் உடம்பில் கடல் பேன் ஒட்டிக்கொண்டிருக்கும். நன்னீரில் சில நாட்களிலேயே அந்தப் பேன் உதிர்ந்துவிடும் என்பதால், பேன் இருந்தால் நேற்றோ முந்தாநாளோ கடலை விட்டு வந்தது என்று பொருள். இன்னொன்று இறங்குவது: கறுத்து, வயிறு ஒட்டி, உடம்பைவிடத் தலை பெரிதாகத் தெரியும். உள்ளூரில் அதைக் கறுப்புச் சால்மன் என்பார்கள். அதிபருக்குப் போக வேண்டியது வெள்ளி மீன். கறுப்பு மீனை இழுத்து ஏமாந்தவர்கள் முதல் நாளில் நிறையப் பேர் இருந்திருப்பார்கள்.

மடுவும் படகும்

பாங்கர் வரைக்கும் கடலின் ஏற்றவற்றம் வரும். அதற்கு மேலே நன்னீர். அந்த எல்லையில், 1870களில் நகரத்துக்குத் தண்ணீர் எடுக்க ஒரு அணை கட்டினார்கள். கடலிலிருந்து ஏறி வரும் மீன் அந்த அணையில் முட்டிக்கொண்டு நிற்கும். அணைக்குக் கீழே நீர் சுழன்று குடைந்த ஆழமான இடத்தில் இளைப்பாறும். அந்த இடம்தான் 'பாங்கர் சால்மன் மடு'. 1880களில் அங்கே முள்ளில் இறகும் ரோமமும் கட்டிச் செய்த பொய் ஈயை வைத்துத் தூண்டில் போட்டுப் பார்த்தார்கள், சால்மன் எடுத்தது. செய்தி பரவியது. அதே பத்தாண்டில் பெனாப்ஸ்காட் சால்மன் சங்கம் உருவானது. அமெரிக்காவின் மிகப் பழைய சால்மன் சங்கம் என்று அதைச் சொல்வார்கள்.

இந்த ஊருக்குத் தூண்டிற்கோலிலும் ஒரு பெயர் உண்டு. மூங்கிலைப் பிளந்து, ஆறு முக்கோணக் கீற்றுகளைச் சீவி ஒட்டி, அறுகோணமாகக் கோல் செய்யும் கலையைத் தொழிலாக வளர்த்தவர்களில் முதன்மையானவர் ஹைரம் லெனார்ட். அவர் பட்டறையைத் தொடங்கியது பாங்கரில்தான். 1880களின் தொடக்கத்தில் நியூயார்க் பக்கம் போய்விட்டார். ஆனால் அவரிடம் தொழில் பழகியவர்களில் சிலர் இந்தப் பக்கம் கோல் செய்தபடியே இருந்தார்கள்.

மடுவில் பயன்படுத்திய படகுக்குப் பட்டாணிக்காய் என்று பெயர். மெய்ன் கடலோரத்தில் சிங்கி இறால் பிடிப்பவர்களின் துடுப்புப் படகு அது. முன்னும் பின்னும் ஒரே மாதிரி கூர்ந்து, நடுவில் கொஞ்சம் புடைத்திருக்கும். பெயர்க் காரணம் பார்த்தாலே தெரிந்துவிடும். நான்கைந்து மீட்டருக்குள் நீளம். பாறைக்கு நெருக்கமாகப் போய்க் கூடு தூக்கவேண்டியவர்களுக்கு, திருப்பாமலே பின்னோக்கி வர முடிகிற படகு தேவைப்பட்டது. ஆற்று மடுவுக்கும் அதே குணம் பொருந்திப்போனது. வேகமான நீரில் பின்பக்கம் தட்டையான படகை நிறுத்தினால் நீர் அந்தத் தட்டையில் மோதி அலைக்கும். இரண்டு பக்கமும் கூரானதை நீர் பிளந்துகொண்டு போய்விடும்.

ஒருவர் துடுப்பு வலிப்பார், ஒருவர் தூண்டில் போடுவார். இதில் துடுப்பு வலிப்பவர்தான் உண்மையில் மீன் பிடிக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. நீரோட்டத்தை எதிர்த்து, ஆனால் முன்னேறாமல், படகை ஓரிடத்தில் நிறுத்திவைக்க வேண்டும். அவர் ஒரு வலிப்பு தளர்த்தினால் படகு ஒரு முழம் இறங்கும். ஈயும் ஒரு முழம் இறங்கும். அப்படி முழம் முழமாக மடுவை மேலிருந்து கீழே அளந்துகொண்டே வருவார்கள். தூண்டில்காரர் குறுக்காக வீசுகிறார். நீரோட்டம் கயிற்றை வளைத்து, ஈயை அரைவட்டமாக இழுத்துக் கீழே கொண்டுவந்து நிறுத்துகிறது. பிறகு திரும்ப வீச்சு. பார்ப்பவருக்குச் சலிப்பூட்டும் வேலை.

ஏப்ரல் தொடக்கத்தில் இது சலிப்பு மட்டுமில்லை, தண்டனையும்கூட. மேலே காடுகளில் பனி உருகத் தொடங்கியிருக்கும். ஆறு பெருகி, கலங்கி, பனிக்கட்டிப் பாளங்களைத் தூக்கிக்கொண்டு வரும். தண்ணீர் உறைநிலைக்குச் சில பாகைதான் மேலே. கோலின் வளையங்களில் ஈரம் உறைந்து கயிறு ஓடாமல் சிக்கும். விரலால் பனியைத் தேய்த்து எடுக்கவேண்டும். மீன் தன் உடம்பைத் தண்ணீரின் குளிருக்கே விட்டுவிடும் பிராணி. குளிர்ந்த நீரில் அதற்குச் சோம்பல். மேலெழுந்து ஈயைத் துரத்தாது, அடியில் ஒட்டிக்கிடக்கும். அதனால் கோடைக்கான சின்ன ஈ பயன்படாது. பெரிய ஈ, நன்றாக மூழ்கும் கயிறு, மெதுவான நகர்வு. கிட்டத்தட்ட மீனின் மூக்கருகே கொண்டுபோய் வைக்கவேண்டும். அப்போதும், ஆற்றில் சாப்பிடாத மீன் ஏன் இறகும் ரோமமும் கட்டிய ஒரு முள்ளைக் கவ்வுகிறது என்பதற்கு யாரும் முடிவாகப் பதில் சொன்னதில்லை. கடலில் மேய்ந்த பழக்கமோ, எரிச்சலோ.

மாட்டிவிட்டால் படகிலேயே இருந்து இழுத்துப் போராடுவது வழக்கமல்ல. துடுப்புக்காரர் கரையை நோக்கி வலிப்பார். தூண்டில்காரர் கோலை உயர்த்திப் பிடித்தபடி கரையில் குதித்து, நிலத்தில் நின்று மீனைத் தளர வைப்பார். பனிக்கட்டி ஓடும் ஆற்றில், ஒரு தினுசாக ஆடும் சின்னப் படகில் எழுந்து நின்று ஐந்து கிலோ மீனோடு மல்லுக்கட்டினால் என்ன ஆகும் என்பது தெரிந்தவர்கள். அந்த நீரில் விழுந்தால் முதல் நிமிடத்தில் மூச்சு தாறுமாறாகிவிடும். அப்புறம் பத்து நிமிடத்துக்குள் கைகால் சொன்னபடி கேட்காது. நீச்சல் தெரிந்திருப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

இத்தனைக்கும் ஏப்ரல் முதல் தேதி மீன் பிடிக்க ஏற்ற நாளே இல்லை. பெனாப்ஸ்காட்டில் சால்மன் கூட்டமாக ஏறுவது மே கடைசியிலும் ஜூனிலும். ஏப்ரலில் வருபவை முந்திக்கொண்ட சிலதான். ஆறு மாதப் பனிக்காலத்துக்குப் பிறகு வீட்டைவிட்டு வெளியே வர ஊருக்கு ஒரு காரணம் தேவை. ஏப்ரல் 1 அந்தக் காரணம்.

அணை தந்த மடு

இந்த நிகழ்வின் முரண் இங்கேதான் இருக்கிறது. மடு இருந்ததே அணையால். தடையில்லாத ஆறாக இருந்தால் மீன் பாங்கரில் நின்றிருக்காது, நேரே மேலே போயிருக்கும். அணை மீனைத் தடுத்து நிறுத்தியதால்தான் அந்த இடத்தில் தூண்டிலுக்குக் கிடைத்தது. மீன் குவிந்த இடம் என்று மகிழ்ந்த இடம், மீன் சிக்கிக்கொண்ட இடம். பின்னாளில், 1970களில், இந்த அணை உடைந்து பெரும்பாலும் பயனற்றுப்போனபோது மீன் கொஞ்சம் மேலே இருந்த வீஸி அணையில் போய் முட்டியது. தூண்டில்காரர்களும் அங்கே நகர்ந்தார்கள்.

அணைகள் ஒன்றிரண்டல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாங்கர் தன்னை உலகின் மரத் தலைநகர் என்று சொல்லிக்கொண்டது. மெய்ன் காடுகளில் வெட்டிய பைன் மரங்கள் இந்த ஆற்றில்தான் மிதந்து வந்தன. அறுவை ஆலைகளுக்கு நீர்விசை வேண்டும்; 1830களிலிருந்தே ஆற்றுக்குக் குறுக்கே அணைகள் எழுந்தன. மரத்தூள் படுகையில் படிந்தது. பின்பு காகித ஆலைகள் வந்தன, கழிவு வந்தது. கோடையில் ஆற்றில் மீன் மூச்சுவிடக் காற்றில்லாத இடங்கள் உண்டாயின. முகத்துவாரத்தில் வலைக்கட்டு போட்டுப் பிடித்தவர்கள் வேறு.

ஒரு காலத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் சால்மன் வரை பெனாப்ஸ்காட்டில் ஏறியிருக்கலாம் என்பது உயிரியலாளர்களின் மதிப்பீடு. 1871இலேயே நிலைமை மோசம் என்று உணர்ந்து, சார்லஸ் அட்கின்ஸ் என்ற மீன்வள அலுவலர் வலைக்காரர்களிடமிருந்து உயிருள்ள சால்மன்களை விலைக்கு வாங்கி, முட்டை எடுத்துப் பொரிக்க வைத்தார். கிரேக் புரூக் என்ற சிற்றோடைக் கரையில் அவர் தொடங்கிய வேலைதான் அமெரிக்காவின் முதல் பொதுச் சால்மன் பொரிப்பகம். கார்ல் ஆண்டர்சன் அதிபருக்கு மீன் அனுப்புவதற்கு 41 ஆண்டுகளுக்கு முன்பே ஆற்றுக்கு வைத்தியம் தொடங்கியாயிற்று. வணிக வலைப்பிடிப்பு 1940களின் பிற்பகுதியில் முடிவுக்கு வந்தது. தடை போட்டு நிறுத்தினார்கள் என்பதைவிட, நிறுத்துவதற்கு ஏதும் மிச்சமில்லை என்பதுதான் பொருத்தம்.

ஒரு மீன் போதும்

கேள்விக்கு வருகிறேன். சடங்கு ஏன் எச்சரிக்கவில்லை?

சடங்குக்குத் தேவை ஒரே ஒரு மீன். ஐம்பதாயிரம் மீன் ஏறும் ஆற்றிலும் முதல் மீன் ஒன்றுதான், இருநூறு ஏறும் ஆற்றிலும் ஒன்றுதான். வெள்ளை மாளிகையில் எடுத்த படத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். இன்னும் சொன்னால், மீன் அருகும்போது முதல் மீனின் மதிப்பு ஏறுகிறது. அதைத் தேடி அதிகம் பேர் வருகிறார்கள், அதிக மணி நேரம் வீசுகிறார்கள். மீன் குறைந்ததை மனிதரின் உழைப்பு ஈடுகட்டிவிடுகிறது. ஆண்டுதோறும் ஒரு மீன் கிடைத்தது என்ற பதிவு, ஆறு நலமாக இருக்கிறது என்ற உணர்வைத் தந்தபடியே இருக்கும்.

முதல் மீன் எந்தத் தேதியில் கிடைத்தது என்பதையாவது வரிசையாகப் பார்த்திருந்தால் ஏதாவது தெரிந்திருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை. ஒரு ஆண்டு பனிக்கட்டி ஏப்ரல் நடுவரை போகாது, ஒரு ஆண்டு வெள்ளம். தேதி தள்ளிப்போனதற்கு மீனைத் தவிர எல்லாவற்றையும் காரணம் காட்டலாம். காட்டினார்கள் என்றும் நினைக்கிறேன், தூண்டில்காரர்களின் சுபாவம் அது.

இதோடு பொரிப்பகத்தின் பங்கும் சேர்கிறது. 1972இல் தூய நீர்ச் சட்டம் வந்தது. அதை முன்னின்று நிறைவேற்றிய செனட்டர் எட்மண்ட் மஸ்கி மெய்ன் மாநிலத்துக்காரர். ஆலைக் கழிவும் சாக்கடையும் குறைந்தன. 1974இல் கிரீன் லேக் என்ற இடத்தில் இன்னொரு பெரிய பொரிப்பகம் திறந்தது. ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கும் மேல் இளமீன்களை ஆற்றில் விட்டார்கள். பலன் உடனே தெரிந்தது. 1986இல் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட சால்மன்கள் திரும்பின. அதிபர் சால்மன் வழக்கம் 1980களில் புது உற்சாகத்தோடு உயிர்பெற்றதும் இந்த அலையில்தான். ஊர் கொண்டாடியது நியாயம்தான். ஆனால் ஏறிய மீனில் பெரும்பங்கு தொட்டியில் வளர்ந்து லாரியில் வந்து ஆற்றில் இறங்கியது. ஆறு தானாகப் பெற்றெடுத்தது கொஞ்சம். மேலே கூழாங்கல் படுகைக்கும் கீழே கடலுக்கும் நடுவே அணைகள் அப்படியே நின்றன. மீன் ஏணி, அதாவது அணையின் ஓரத்தில் மீன் படிப்படியாக ஏற அமைத்த நீர்வழி, இருந்தது என்பார்கள். ஏணியின் வாயைக் கண்டுபிடிக்க மீன் நாள்கணக்கில் சுற்றவேண்டும். ஒரு அணையில் பத்தில் ஒரு பங்கு இழந்தால்கூட, வரிசையாக நான்கைந்து அணையைத் தாண்டுவதற்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி. இறங்கும் குஞ்சுகளுக்கு விசைச்சுழலிகளின் இலைகள் வேறு.

கடலும் மாறியது. 1990களில் வட அட்லாண்டிக் முழுவதும் திரும்பி வரும் சால்மன் குறைந்தது. 1986இன் நான்காயிரம் சில ஆண்டுகளில் கரைந்தது. 1992இல் கடைசி அதிபர் மீன். அதன்பின் பிடித்ததைத் திரும்ப விட வேண்டும் என்ற விதி வந்தது. திரும்ப விடும் மீனை அதிபருக்கு அனுப்ப முடியாதே. 1999இன் முடிவில் மெய்ன் மாநிலம் கடலேறும் சால்மனுக்குத் தூண்டில் போடுவதையே நிறுத்தியது. 2000இல் சில சிற்றாறுகளின் சால்மன் அழியும் இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. பெனாப்ஸ்காட் அதில் விடுபட்டு, 2009இல்தான் சேர்க்கப்பட்டது. இடையில் 2006, 2007 இலையுதிர்காலத்திலும் 2008 மே மாதத்திலும் பிடித்து விடுவதற்கு மட்டும் சின்னதாக ஒரு பருவம் திறந்து பார்த்தார்கள். பிறகு அதுவும் மூடியது.

தூண்டில்காரர்களுக்கு ஒரு நியாயம்

இந்தக் கதையை முதலில் படித்தபோது அதிபர் சால்மனை ஒரு வெட்டிப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன். இப்போது அவ்வளவு உறுதியில்லை. 1980களிலும் 90களிலும் பாங்கருக்கு மேலே பேசின் மில்ஸ் என்ற இடத்தில் புதிய நீர்மின் அணை கட்ட ஒரு திட்டம் இருந்தது. அதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் கூட்டங்களில் போய் உட்கார்ந்தவர்களில் இந்த மடுவின் தூண்டில்காரர்கள் முக்கியமானவர்கள். 1998இல் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் அந்தத் திட்டத்துக்கு அனுமதி மறுத்தது. ஏப்ரல் காலையில் விரல் விறைக்க நின்ற நினைவு இல்லாதவர்கள் அப்படி வந்து உட்கார்ந்திருப்பார்களா என்பது சந்தேகம். சடங்கு ஆற்றின் நிலையைச் சொல்லவில்லை. ஆனால் ஆற்றோடு ஒரு கூட்டத்தைக் கட்டிவைத்திருந்தது.

ஆனால் இன்னொரு கூட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆற்றின் பெயரே அவர்களுடையது. பெனாப்ஸ்காட் பழங்குடியினர் பாங்கருக்கு மேலே, ஆற்றின் நடுவே உள்ள தீவில் வாழ்கிறார்கள். தங்கள் உணவுக்காகச் சால்மன் பிடிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. 1988க்குப் பிறகு அந்த உரிமையை அவர்கள் பயன்படுத்தவில்லை. எடுத்தால் இனம் தாங்காது என்பதால் தாங்களே நிறுத்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் வாஷிங்டனுக்கு மீன் போயிற்று. இந்த இரண்டு வரியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. யாரையும் குற்றம் சொல்ல இல்லை. விட்டுக்கொடுத்தவர்கள் பட்டியலில் யார் பெயர் முதலில் வந்தது என்பதை மட்டும் கவனிக்கிறேன்.

அணை போனபின்

2004இல் மின் நிறுவனமும், பழங்குடி அரசும், சூழல் அமைப்புகளும், மாநில, கூட்டாட்சி அரசுகளும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தன. மூன்று அணைகளை ஒரு அறக்கட்டளை விலைக்கு வாங்கும். கடலுக்குப் பக்கத்தில் உள்ள இரண்டை இடிக்கும். மூன்றாவதைச் சுற்றி மீன் போக ஆறு போலவே ஒரு பக்கக் கால்வாய் வெட்டும். மின் நிறுவனம் மற்ற அணைகளில் உற்பத்தியைக் கூட்டிக்கொள்ளலாம். ஆகமொத்தம் மின்சாரம் குறையாது. இதில் எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி ஏற்பாடுதான். மின்சாரமா மீனா என்று சண்டை போட்டிருந்தால் இன்னும் முப்பது ஆண்டு இழுத்திருக்கும். எந்த அணை எங்கே இருக்கிறது என்று வரைபடத்தை விரித்து உட்கார்ந்தார்கள். மீனைப் பொறுத்தவரை, கடலிலிருந்து வரும் வழியில் முதலில் நிற்கும் அணைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதை எடுத்தால் கிடைக்கும் லாபம், மேலே எங்கோ கிளையாற்றில் ஒன்றை எடுத்தால் வராது.

2012இல் கிரேட் வொர்க்ஸ் அணை போயிற்று. 2013 ஜூலையில் வீஸி அணையை உடைத்தார்கள். 2016இல் ஹௌலண்ட் பக்கக் கால்வாய் முடிந்தது. வீஸி போனதால் கடலேறும் மீனுக்கு முதல் அணை மில்ஃபோர்ட் என்றானது. அங்கே மீனைத் தொட்டியில் ஏற்றி மேலே தூக்கிவிடும் மின்தூக்கி 2014 முதல் இயங்குகிறது.

விளைவு எல்லோரும் எதிர்பார்த்த மீனில் முதலில் வரவில்லை. ஆற்று ஹெர்ரிங் என்ற சின்ன மீன், நம் சாளை இனத்துக்குத் தூரத்து உறவு, அணை இருந்த காலத்தில் ஆண்டுக்குச் சில ஆயிரம்தான் ஏறும். 2018இல் இருபது லட்சத்தைத் தாண்டியது. கழுகு வந்தது, நீர்நாய் வந்தது. சால்மன்? 2014இல் முந்நூறுகூட ஏறவில்லை. 2020இல் ஆயிரத்தைத் தாண்டியது. நல்ல செய்திதான், ஆனாலும் 1986ஐ எட்டவில்லை, அதிலும் பொரிப்பகத்து மீன்தான் பெரும்பகுதி. ஹெர்ரிங் ஏரிகளில் முட்டையிடும், லட்சக்கணக்கில் பெருகும். வழி திறந்தால் போதும். சால்மனுக்கு வழி மட்டும் போதாது. குளிர்ந்த தண்ணீர் வேண்டும், கிரீன்லாந்து வரை நல்ல கடலும் வேண்டும்.

நமக்கும் இந்த வகையில் ஒன்று இருந்தது. உல்லம் மீன், வங்காளத்தில் இலிஷ் என்று கொண்டாடுவார்களே, அது காவிரியிலும் கொள்ளிடத்திலும் கடலிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. கொள்ளிடத்துக் கீழணையில் மீன் ஏற வழி அமைத்துப் பார்த்தார்கள், பயன்படவில்லை. 1934இல் மேட்டூர் அணை வந்தபின் காவிரி உல்லம் பேச்சுக்குக்கூட அரிதானது. அதன் முதல் மீனை யாரும் யாருக்கும் அனுப்பிவைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நியூ இங்கிலாந்து வீடுகளில் ஜூலை 4 சுதந்திர தினத்துக்குச் சால்மனும் பச்சைப் பட்டாணியும் சமைப்பது பழைய வழக்கம். ஆற்றில் மீன் ஏறும் பருவமும் தோட்டத்தில் பட்டாணி காய்க்கும் பருவமும் ஒன்றாக வந்ததால் உண்டான சமையல். இன்றும் சமைக்கிறார்கள். மீன் அலாஸ்காவிலிருந்தோ வளர்ப்புக் கூண்டிலிருந்தோ வருகிறது.

ஆற்றுக்கு அக்கரையில், ப்ரூவர் பக்கம், சங்கத்தின் பழைய கட்டடம் இருக்கிறது. மடுவில் சால்மனுக்குத் தூண்டில் போடுவது இன்றும் சட்டப்படி தடை. மேலே மில்ஃபோர்டில் ஒவ்வொரு கோடையிலும் மீன்தூக்கித் தொட்டியில் வரும் சால்மன்களை எண்ணி, அளந்து, அவற்றில் ஒரு பகுதியைத் தண்ணீர்த் தொட்டி கட்டிய லாரியில் ஏற்றுகிறார்கள். லாரி கிரேக் புரூக்குக்குப் போகிறது, 1871இல் அட்கின்ஸ் வலைக்காரர்களிடம் மீன் வாங்கிக்கொண்டு போன அதே ஓடைக்கரைக்கு. அங்கே முட்டை எடுத்து முடித்தபின் மீனைத் திரும்பக் கொண்டுவந்து ஆற்றில் விடுகிறார்கள்.